மழை, மட்டை, மாருதி

அரட்டை என்ற தமிழ்ச் சொல் 2025 செப்டம்பரில் தில்லி வந்து சேர்ந்தது. ஸோஹோ நிறுவனத்தின் செல்போன் செயலிக்கு அந்தப் பெயர். 2021-லேயே வெளிவந்த செயலிதான். மத்திய அமைச்சர்கள் சிலர் சுதேசி என்று சிபாரிசு செய்ததும் சில நாட்களில் நாடெங்கும் பிரபலமாயிற்று. இந்திச் செய்தி வாசிப்பாளர்கள் ஆளுக்கொரு விதமாக உச்சரித்தார்கள். தில்லியில் இருபது ஆண்டுகளாகக் காலம் தள்ளுகிற தமிழன் என்ற முறையில் என்னிடம் பலரும் அர்த்தம் கேட்டார்கள். ‘கப்ஷப்’ என்றேன். கேட்டவர்களுக்குத் திருப்தி. எனக்குத்தான் இல்லை.

மொழிபெயர்ப்பை நம்பிப் பிழைப்பவனுக்கு இது தொழில் வியாதி. அரட்டையும் கப்ஷப்பும் ஒன்றுதானா? வங்காளிகள் ‘அட்டா’ என்பார்கள். அதில் இலக்கியம், அரசியல், மீன் விலை மூன்றும் வந்தாக வேண்டும். மராத்தியர்களுக்குப் பேச உட்காரும் திட்டின் பெயரான ‘கட்டா’வே பேச்சுக்கும் பெயர். கன்னடத்தில் ‘ஹரட்டெ’, நம் அரட்டைக்கு அது அக்காவாகவோ தங்கையாகவோ இருக்க வேண்டும். தமிழில் வகைக்கு ஒரு சொல் வைத்திருக்கிறோம். ஊர் விஷயம் என்றால் வம்பு. வேலை கெட்டால் வெட்டிப் பேச்சு. வீட்டு வாசல் என்றால் திண்ணைப் பேச்சு. பெரும்பாலும் எல்லாமே திட்டுகிற சொற்கள். ‘என்னடா அங்கே அரட்டை?’ என்ற வாத்தியார் குரல் காதில் விழாமல் அந்தச் சொல்லை உச்சரிக்கவே முடியாது.

வள்ளுவரும் வாத்தியார் கட்சிதான். பயனில சொல்லாமை என்று 20-வது அதிகாரம் முழுவதையும் இதற்கே ஒதுக்கி, வீண் பேச்சைக் கொண்டாடுகிறவனை மனிதரில் பதர் என்கிறார். ஆனால் 53-வது அதிகாரமான சுற்றந்தழாலுக்கு வரும்போது தொனி மாறுகிறது. அளவளாவத் தெரியாதவனின் வாழ்க்கையைக் கரையில்லாத குளத்துக்கு ஒப்பிடுகிறார். எம்.ஏ. படிக்கும்போது இரண்டு அதிகாரங்களையும் தனித்தனியாக மனப்பாடம் செய்து தேர்வு எழுதினேன். பயனில்லாத பேச்சு எங்கே முடிகிறது, அளவளாவல் எங்கே தொடங்குகிறது என்று எந்தக் கேள்வித்தாளும் கேட்கவில்லை. பின்னால் அந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியது தெற்கு தில்லியில், லாடோ சராயில், ஒரு டீக்கடை பெஞ்ச்.

குதுப்மினாரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது லாடோ சராய். தில்லி வளர்ச்சி ஆணையம் 2000-ல் அங்கே ஒரு கோல்ஃப் மைதானத்தைத் திறந்தது. நாட்டின் முதல் பொது கோல்ஃப் மைதானம் அது. மற்ற இடங்களில் உறுப்பினராக வரிசையில் நின்றே தலை நரைத்துவிடும். இங்கே கட்டணம் கட்டினால் ஆடலாம். டீக்கடையில் ஞாயிறு காலை கூடும் எங்கள் நால்வரில் மூன்று பேர் அந்தக் கட்டணத்தை ஒரு நாளும் கட்டியதில்லை. நான்காமவர் உள்ளே வேலை பார்க்கிறவர்.

முதலாமவர் பாஜி. காஷ்மீரி கேட் மோட்டார் உதிரிபாகச் சந்தையில் கடை வைத்திருக்கும் பஞ்சாபி. இரண்டாமவர் தாதா. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். சித்தரஞ்சன் பார்க்கிலிருந்து பஸ் பிடித்து வருவார். மூன்றாமவரை நாங்கள் சம்பாரன் என்று கூப்பிடுவோம். பீகாரில் அவருடைய மாவட்டம் அது. கோல்ஃப் ஆடுகிறவர்களின் மட்டைப் பையைச் சுமந்து கூடவே நடப்பது அவர் தொழில். நான்காவது ஆள் நான். 2009-ல் ஒரு மழைக்கு அந்தக் கடையின் தார்ப்பாய்க்குள் ஒதுங்கிய நான்கு பேர் அடுத்த ஞாயிறும் வந்தோம். அவ்வளவுதான் எங்கள் சங்கத்தின் ஸ்தல புராணம்.

ஆரம்பத்தில் எல்லாமே பேசினோம். 2011 ஆகஸ்டில் அன்னா ஹசாரே ராம்லீலா மைதானத்தில் உண்ணாவிரதம் இருந்தபோது பாஜிக்கும் தாதாவுக்கும் வாக்குவாதம் வந்தது. பாஜிக்கு அவர் இரண்டாவது காந்தி. தாதாவுக்கு, நாடாளுமன்றத்தை மைதானத்திலிருந்து மிரட்டுகிற ஆள். குரல் உயர்ந்தது, டீ கிளாஸ் ஒன்று உடைந்தது. இரண்டு ஞாயிறு தாதா வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்தார். உட்கார்ந்தார். யார் முகத்தையும் பார்க்காமல், “நேற்று ராத்திரி நல்ல மழை” என்றார்.

பாஜி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “என் வண்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது, தாதா” என்றார்.

சமாதான உடன்படிக்கை கையெழுத்தாகிவிட்டது. அன்றிலிருந்து அரசியல் இல்லை. மதம் எப்போதுமே இல்லை. பிள்ளைகளின் மார்க், வீட்டுக் கடன், மனைவியரின் உடம்பு, இவையெல்லாம் வாய்க்கு வந்து திரும்பிப் போய்விடும். மிஞ்சியவை நான்கு விஷயங்கள்: மழை வெயில், வண்டி, வேலை, கோல்ஃப். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிறவருக்கு இதைவிட வெற்றுப் பேச்சு உலகில் இருக்க முடியாது என்று தோன்றும். எனக்கும் பல மாதம் அப்படித்தான் தோன்றியது.

கோல்ஃபை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய அதிகாரிகளும் கம்பெனி முதலாளிகளும் புல்வெளியில் நடந்தபடி காரியம் சாதித்துக்கொள்ளும் விளையாட்டு என்றுதான் நான் நினைத்திருந்தேன். சம்பாரன் சொல்லக் கேட்டபோது அது வேறு விளையாட்டாக இருந்தது. 18 குழி. நாலு மணி நேரத்துக்குக் குறையாத நடை. பத்துப் பன்னிரண்டு கிலோ பை. பந்து புதரில் விழுந்தால் தேட வேண்டும். எந்தத் தூரத்துக்கு எந்த மட்டை என்று சொல்ல வேண்டும். சொன்னது சரியாக இருந்தால் ஆடியவருக்குக் கைதட்டல். தப்பினால் பை சுமந்தவருக்குத் திட்டு.

அவர் தொழிலின் பெயரைத் தமிழில் எழுதுவது இன்னொரு சிக்கல். ஆங்கிலச் சொல்லை அப்படியே எழுதினால் ‘கேடி’ என்று வருகிறது. நம் ஊரில் அந்தப் பட்டம், போலீஸ் ஸ்டேஷன் பலகையில் போட்டோவோடு தொங்குகிறவர்களுக்கு உரியது. ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனார், ஞாயிற்றுக்கிழமை காலங்காலையில் யாரோடு போய்ப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் மாப்பிள்ளை என்று கேட்டார். “ஒரு வியாபாரி, ஒரு ஓய்வுபெற்ற அதிகாரி, ஒரு கேடி” என்றேன். விளக்கம் சொல்லி முடிக்க அரை மணி நேரமாயிற்று.

ஆனால் அந்தக் ‘கேடி’களின் வரலாறு சாதாரணமானதல்ல. 1991-ல் தில்லி கோல்ஃப் கிளப்பில் இந்தியன் ஓப்பன் போட்டியை வென்ற அலி ஷேர், பை சுமந்து பழகியவர். அந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர்தான். 1993-ல் மறுபடியும் வென்றார். 2009-ல் வென்ற பெங்களூர் முனியப்பாவும் பை சுமந்தவர். 2016-லும் 2017-லும் வென்ற எஸ்.எஸ்.பி. சௌரசியாவின் அப்பா ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரையைப் பராமரித்தவர். சம்பாரன் இந்தப் பெயர்களைச் சொல்லும்போது நம் ஊரில் குலதெய்வத்தின் பெயரைச் சொல்வதுபோல் இருக்கும். தாதா விடமாட்டார். “ராயல் கல்கத்தா 1829-ல் ஆரம்பித்தது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகத்திலேயே பழைய கிளப்” என்று தன் ஊர்ப் பெருமையைச் சேர்ப்பார். அவர் வாழ்நாளில் ஒரு கோல்ஃப் மட்டையைத் தொட்டதில்லை.

தாதாவின் உண்மையான விளையாட்டு மழை. வங்கிகள் இலவசமாகத் தரும் டைரியில், சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவான மழையளவைப் பத்திரிகையிலிருந்து எடுத்துத் தினமும் எழுதுவார். வெப்பநிலை ஒரு பத்தி, மழை ஒரு பத்தி, பக்கத்தில் வங்காளியில் ஓரிரு சொல். வேலையில் சேர்ந்த ஆண்டிலிருந்து எழுதுகிறார். எதற்காக என்று ஒரு முறை கேட்டேன். “இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-லிருந்து எழுதுகிறது. அவர்களை யாராவது இப்படிக் கேட்கிறார்களா?” என்றார்.

ஒரே வானத்தைத்தான் நால்வரும் பார்த்தோம். தாதாவுக்கு அது எண். சம்பாரனுக்குக் கூலி. மழை கொட்டினால் ஆட்டம் இல்லை; ஆட்டம் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. ஜனவரியில் மூடுபனி விலகும்வரை பந்து போகும் திசை தெரியாது; காத்திருக்கிற நேரத்துக்கு யாரும் பணம் தரமாட்டார்கள். மே மாத வெயிலில் இரண்டு ரவுண்ட் போக வேண்டியவர் ஒன்றோடு நிறுத்திக்கொள்வார். நவம்பரில் காற்று கெட்டுப்போனால் வசதியுள்ளவர்கள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். 2024 நவம்பர் 18 அன்று தில்லியின் காற்றுத் தரக் குறியீடு 490-ஐத் தாண்டியது. அந்த அளவுகோலே 500-ல் முடிந்துவிடுகிறது. அந்த வாரம் “வானிலை எப்படி?” என்று சம்பாரனைக் கேட்பதும், “வீட்டில் அடுப்பு எரிகிறதா?” என்று கேட்பதும் ஒன்று. அது எங்கள் மூவருக்கும் தெரியும். ஆனால் அடுப்பைப் பற்றிக் கேட்டிருந்தால் அவர் எழுந்து போயிருப்பார். வானிலையைக் கேட்டதால் பதில் சொன்னார்: “இந்த வாரம் சுமார்தான்.” டீக்காசை அன்று பாஜி கொடுத்தார். கடைக்காரரிடம் சில்லறை மாற்ற வேண்டியிருந்தது என்பது அவர் சொன்ன காரணம்.

பாஜியின் விஷயம் வண்டி. அவரிடம் வெள்ளை மாருதி 800 இருந்தது, 2003-ல் வாங்கியது. அந்த வண்டியின் சரித்திரம் முழுவதையும் அவர் சொல்லி நாங்கள் கேட்டிருக்கிறோம். 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் மாருதியின் சாவியைக் கொடுத்தது, அம்பாசிடருக்கும் பியட்டுக்கும் காத்துக் கிடந்த நடுத்தர வர்க்கம் அந்தச் சின்ன வண்டியில் சிம்லாவரை போனது, 796 சி.சி. இஞ்சினில் மூன்று சிலிண்டர்தான் என்றாலும் ஏற்றத்தில் மூச்சு வாங்காதது, எல்லாம். 2014 ஜனவரியில் மாருதி 800 உற்பத்தி நின்றபோது பாஜி எல்லோருக்கும் ஜிலேபி வாங்கினார். துக்கத்துக்கு ஜிலேபியா என்றார் தாதா. “நூறு வயது வாழ்ந்த கிழவி செத்தால் அழுவோமா?” என்றார் பாஜி.

2016-லிருந்து அவர் வண்டிப் பேச்சு மாறியது. காலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்கிறது, ஆஸ்பத்திரிப் பக்கம் பார்க்கிங் கிடைப்பதில்லை, ஸ்பீட் பிரேக்கரில் மெதுவாகப் போகவேண்டியிருக்கிறது என்றெல்லாம் சொல்வார். எந்த ஆஸ்பத்திரி, யாருக்கு என்று சொன்னதில்லை. ஸ்பீட் பிரேக்கரில் குலுங்கினால் வலிக்கிற யாரோ ஒருவர் இடது சீட்டில் உட்கார்ந்து போகிறார் என்பது எங்களுக்குப் புரிந்தது. “பின் சக்கரத்தில் காற்றைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள் பாஜி, குலுக்கல் குறையும்” என்றார் தாதா. அடுத்த வாரம் பாஜி, “குறைந்திருக்கிறது” என்றார். 2017 குளிர்காலத்தில் அவர் மனைவி காலமானார். நாங்கள் மூவரும் குருத்வாராவுக்குப் போய்த் தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அதற்கடுத்த ஞாயிறு பாஜி பெஞ்சுக்கு வந்து, மூடுபனி விளக்கு எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று பேசினார். நாங்களும் மூடுபனி விளக்கைப் பற்றியே பேசினோம்.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகளும் ஓடக் கூடாது என்ற தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை அமல்படுத்தச் சொன்னது. பாஜியின் மாருதிக்கு அப்போது சரியாக 15 முடிந்திருந்தது. வேறு மாநிலத்துக்குத் தடையில்லாச் சான்று வாங்கி விற்கலாம். இல்லாவிட்டால் பழைய இரும்புக்குப் போட வேண்டும். ஞாயிறுதோறும் ஒரு கிராக்கியின் கதை சொல்வார். ஒருவர் விலையை அடித்துக் கேட்டார், ஒருவர் பேசும் விதம் பிடிக்கவில்லை, ஒருவர் வண்டிக்குள் பீடி பிடித்தார். மூன்று மாதம் இப்படியே போயிற்று. உதிரிபாகக் கடைக்காரருக்கு வண்டி விற்கத் தெரியாதா என்ன? விற்றுவிடுங்கள் என்றும் நாங்கள் சொல்லவில்லை. விற்காதீர்கள் என்றும் சொல்லவில்லை.

ஒரு காலையில் சம்பாரன் டீயை ஊதிக்கொண்டே கேட்டார்: “பாஜி, மாருதியில் இடது சீட்டைத் தனியாகக் கழற்ற முடியுமா?”

“நாலு போல்ட்தான். பத்து நிமிஷ வேலை.”

“அதே மாதிரி வேறு சீட் கிடைக்குமா?”

“மாயாபுரியில் எத்தனை வேண்டும்?”

பேச்சு அத்தோடு பனிக்குப் போய்விட்டது. இரண்டு வாரம் கழித்து வண்டி கிழக்கு உத்தரப் பிரதேசத்துக்குப் போயிற்று. காஷ்மீரி கேட் கடைக்கு ஒரு வேலையாகப் போனபோது பார்த்தேன். கல்லாவுக்கு எதிரே, மரச்சட்டம் அடித்து, அந்த இடது சீட் போட்டிருந்தது. வாடிக்கையாளர்கள் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். பாஜி அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “உட்காருங்கள், நல்ல சீட்” என்றார்.

நான் பிறர் எழுதிய ஆயிரக்கணக்கான வாக்கியங்களை மொழிபெயர்த்திருக்கிறேன். ‘இடது சீட்டைத் தனியாகக் கழற்ற முடியுமா’ என்பதில் கடினமான சொல் ஒன்றுமில்லை. எந்த மொழியிலும் ஒரு நிமிடத்தில் எழுதிவிடலாம். ஆனால் அதைக் கேட்கப் பத்து ஆண்டு அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். கிளட்சும் கியரும் பேசிப் பேசி வந்த உரிமை அது. திடீரென்று ஒரு நாள் வந்து, உங்கள் மனைவியின் நினைவாக ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று யார் சொல்லியிருந்தாலும் பாஜி முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார்.

2021 ஏப்ரலில் தில்லி எப்படி இருந்தது என்று யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. பெஞ்ச் காலி. சம்பாரன் ஊருக்குப் போய்விட்டார். போனில் பேசிக்கொண்டோம். பேச்சு வழக்கம்போலத்தான். உங்கள் பக்கம் புழுதிக் காற்று உண்டா, எங்கள் பக்கம் இல்லை. தாதாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு ஒரு நாள் அவரே கூப்பிட்டார். மூச்சு விட்டு விட்டுப் பேசினார். ஜன்னல் இல்லாத வார்டு, வெளியே வெயில் எத்தனை டிகிரி என்று தெரியவில்லை என்றார். பத்திரிகையைப் பார்த்துச் சொன்னேன். எழுதிக்கொள்ளச் சொன்னார். எழுதிக்கொண்டேன். மே இரண்டாவது வாரம் அவர் போய்விட்டார். சுடுகாட்டுக்குக்கூட நாங்கள் போக முடியவில்லை.

அடுத்த வாரம் குஜராத்தில் கரை கடந்த தௌக்தே புயலின் மிச்சம் தில்லிவரை வந்தது. மே 20 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சஃப்தர்ஜங்கில் 119.3 மில்லிமீட்டர் மழை. மே மாதத்தில் தில்லி அதுவரை காணாத மழை. பாஜி போன் செய்தார். ஹலோ சொல்லவில்லை. “119.3” என்றார். “மே மாதத்தில்” என்றேன். “ஆமாம், மே மாதத்தில்” என்றார். கொஞ்ச நேரம் இருவருமே போனை வைக்கவில்லை.

அந்த ஆண்டு பருவமழை ரொம்பத் தாமதம். வழக்கமாக ஜூன் 27 வாக்கில் வரவேண்டியது, ஜூலை 13 அன்றுதான் தில்லிக்கு வந்தது. அதற்குள் மைதானமும் டீக்கடையும் திறந்துவிட்டன. சம்பாரனும் திரும்பிவிட்டார். ஆகஸ்ட் 7, சனிக்கிழமை, பொழுது விடியும்போது மூன்று பேரும் பெஞ்சில் இருந்தோம். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் கோல்ஃப் கடைசிச் சுற்று. பெங்களூரைச் சேர்ந்த 23 வயது அதிதி அசோக், உலகத் தரவரிசையில் 200-வது இடத்தில் இருந்த பெண், மூன்று சுற்று முடிவில் இரண்டாவது இடத்தில் நின்றார். சம்பாரனின் செல்போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். கோல்ஃபுக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாத லட்சக்கணக்கான இந்தியர்கள் அந்தக் காலையில் அதையே செய்துகொண்டிருந்தார்கள்.

ஆட்டக்காரருக்குப் பை சுமந்தது அவருடைய அம்மா. சம்பாரன் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். “பாருங்கள், அம்மா கேடி!” அவருக்கு ஒலிம்பிக் பதக்கம் அங்கேயே கிடைத்துவிட்டது.

மழை பற்றி ஒரு கணக்கு இருந்தது. மோசமான வானிலையால் கடைசிச் சுற்றை முடிக்க முடியாமல் போனால் மூன்று சுற்றின் நிலவரமே முடிவாகும், அதிதிக்கு வெள்ளி. கடைசிச் சில குழிகள் மிச்சமிருக்கும்போது இடி மின்னல் வந்து ஆட்டம் நின்றது. பாஜி எழுந்து நின்று கைகூப்பி, “பெய், பெய்” என்றார். சம்பாரன் மட்டும் தலையை ஆட்டினார். “கேடி மழைக்கு வேண்டிக்கொள்ளக் கூடாது, பாஜி. பந்து குழியில் விழுந்துதான் ஜெயிக்க வேண்டும்.”

திரையில் காலி மைதானம். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பாஜி சொன்னார்: “தாதா இருந்திருந்தால் அங்கே எத்தனை மில்லிமீட்டர் என்று இந்நேரம் சொல்லியிருப்பார்.”

தாதா போனபிறகு அவர் பெயர் அந்த பெஞ்சில் வந்தது அப்போதுதான். எங்கள் இரங்கல் கூட்டம் அவ்வளவுதான். வானம் வெளுத்தது, ஆட்டம் தொடர்ந்தது. அதிதி ஒரே ஒரு அடியில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தார். அன்று மாலையே நீரஜ் சோப்ரா ஈட்டியெறிந்து தங்கம் வென்றார். நாடு காலையை மறந்துவிட்டது. எங்கள் பெஞ்சில் இன்னும் அந்த மழை பேச்சில் வரும்.

வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சில ஆண்டுகளாக என் மேசைக்கு வரும் கட்டுரைகளின் முதல் வரைவை இயந்திரம் மொழிபெயர்த்துவிடுகிறது, நான் திருத்துகிறேன். நன்றாகவே செய்கிறது. எப்போதாவதுதான் சறுக்கும். ஒரு முறை கோல்ஃப் கட்டுரை ஒன்றில், எந்த மட்டையை எடுப்பது என்று ஆட்டக்காரருக்கு அவருடைய ‘தேயிலைப் பெட்டி’ ஆலோசனை சொன்னதாக எழுதியிருந்தது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு அப்படியும் ஒரு பொருள் உண்டு. இதைச் சொன்னபோது சம்பாரன் டீக்கடையே அதிரச் சிரித்தார். பிறகு அவர் சொன்னார், தானாகவே ஆட்டக்காரர் பின்னால் உருண்டு வரும் பாட்டரி வண்டி வந்துவிட்டதாம். பையை அது சுமந்துவிடும். பாஜி, மின்சார வண்டிகள் பெருகினால் தன் கடையில் பாதி அலமாரி காலி என்றார். பிஸ்டன் கிடையாது, பிளக் கிடையாது, ஆயில் பில்டர் கிடையாது.

மூன்று பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னோம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. பயமாக இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. “உருளுகிற வண்டி புதருக்குள் போய்ப் பந்து தேடுமா?” என்று பாஜி கேட்டார். “தேடாது” என்றார் சம்பாரன். “பிறகென்ன?” என்று இன்னொரு டீ சொன்னார் பாஜி. என் வேலைக்கு அந்தப் பதில் பொருந்துமா என்று தெரியாது. ஆனால் அன்று மதியம் வீட்டுக்கு நடந்தபோது, காலையில் வந்த பாரம் பாதியாகியிருந்தது.

வள்ளுவரின் இரண்டு அதிகாரங்களையும் இப்போது சேர்த்துப் படிக்க முடிகிறது. பேச்சின் பொருளை மட்டும் எடை போட்டால் எங்கள் பதினாறு ஆண்டுப் பேச்சு முழுவதும் பதர். ஆனால் அவர் குளத்தைச் சொல்லும்போது தண்ணீரோடு நிறுத்தவில்லை, கரையைச் சொல்கிறார். கரையை யாரும் குடிப்பதில்லை. வெறும் மண்தான். வாரா வாரம் ஆளுக்கொரு கூடை மண் போட்டுக்கொண்டிருந்தோம். துக்கம் வந்த வருஷம் அது உடையாமல் நின்றது. நம் ஆண்களுக்கு மனசைத் திறந்து பேசத் தெரியாது என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. நியாயமான குறை. ஆனால் கார் டயரைப் பற்றி அரை மணி நேரம் பேசிய இரண்டு பேர் கார் டயரைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள் என்று நான் இப்போது நம்புவதில்லை.

தாதாவின் மகள் அந்த வருஷம் தீபாவளிக்கு முன் டைரிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டில் இடமில்லை, பழைய பேப்பருக்குப் போட மனமில்லை என்றார். பாஜி வாங்கிக்கொண்டார். கடைசி டைரி ஏப்ரல் நடுவில் நின்றிருந்தது. நான் எழுதி வைத்திருந்த ஒரு நாள் கணக்கை அதில் சேர்த்தோம். அதற்குப் பிறகு பாஜி எழுதுகிறார். முன் டைரிகளில் ஓரக்குறிப்பு வங்காளியில். பின் டைரிகளில் குர்முகியில். இரண்டுமே எனக்கு வாசிக்க வராது. எண்கள் மட்டும் புரியும். 2024 மே 29 அன்று முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி என்று வந்த செய்தியை எழுதி, கருவியில் 3 டிகிரி கோளாறு என்று வானிலைத் துறை சொன்னதும் சிவப்பு மையில் அடித்திருக்கிறார். அதற்கு அடுத்த மாதம், ஜூன் 28-க்கு எதிரே 228.1 என்று இருக்கிறது. 1936-க்குப் பிறகு ஜூனில் ஒரே நாளில் தில்லி கண்ட பெருமழை. பக்கத்தில் குர்முகியில் நீளமாக ஒரு வரி. தாதாவைப் பற்றி ஏதோ எழுதியிருக்கிறார் என்று நினைத்து, என்ன அது என்று கேட்டேன்.

பாஜி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்: “இன்று வண்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது.”